ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு: சமூக ஊடகச் செய்திகளை எடைபோட ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

2019 பிப்ரவரியில் டிக்டாக்கைத் தடை செய்ய மத்திய அரசிடம் வலியுறுத்துவோம் என்று சட்டமன்றத்தில் சொன்னவர் அன்றைய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் எம். மணிகண்டன். அவர் அப்போது நம் ராமநாதபுரம் தொகுதியின் எம்எல்ஏ. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்க உத்தரவிட்டது. அதே மாதம் 24ஆம் தேதி அந்தத் தடை விலகியது. அடுத்த வருடம் எல்லையில் சீனப் படையோடு கல்வான் மோதல் நடந்து இரண்டு வாரத்தில், ஜூன் 29 அன்று, டிக்டாக் உட்பட 59 ஆப்களை மத்திய அரசு ஒரே அறிவிப்பில் தடை செய்தது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். சில நாளிலேயே ஷேர்சாட் நிறுவனம் மோஜ் என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. அப்புறம் ஜோஷ். ஓடும் பேருந்தில் தொங்கிக்கொண்டு எடுக்கும் அதே வீடியோ, பாம்பன் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பாடும் அதே பாட்டு, இடம் மாறித் தொடர்ந்தது. ஆனால் "டிக்டாக் மோகத்தால் சீரழியும் இளைஞர்கள்" என்று வந்துகொண்டிருந்த தலைப்புகளின் சூடு, நான் பார்த்தவரை, பழையபடி திரும்பவில்லை. பழக்கம் அப்படியே இருக்க, செய்தி மட்டும் ஓய்ந்துபோனது ஏன்?

வெளிநாட்டு ஆப்பின் குறையை ஒரு தராசிலும், இந்திய ஆப்பின் குறையை வேறு தராசிலும் நம் செய்திகள் நிறுக்கின்றனவா? இதை நீங்களே சோதித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. கல்லூரி மாணவர், மீனவர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர், வாட்ஸ்அப் குழு அட்மின், பகுதிநேரச் செய்தியாளர், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு போன், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும்.

முதல் வேலை: வீட்டுப் போன்களில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

டில்லியில் இருந்து வரும் செய்தியில் உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கும்: சுதேசி, விதேசி. நம் கரையோர வீடுகளில் கதையே வேறு. கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ ஒரு வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது. அதனால் சபுராளி (வெளிநாடு போய்ப் பிழைக்கும்) மகனோடு பேச துபாய் நிறுவனத்தின் போட்டிம் இருக்கும். உறவுக்காரர்களுக்கு ஐஎம்ஓ. ஊருக்குள் வாட்ஸ்அப். ஸ்டேட்டஸ் வைக்க ஷேர்சாட். ஒரே போனில் மூன்று நாடுகள்.

கடலுக்குப் போகிறவர்களிடம் இன்னொரு பழைய கதை கேட்கலாம். கரையை விட்டுக் கொஞ்சம் தூரம் போனால் சிக்னல் போய்விடும். படம், பாட்டு எல்லாம் போனுக்குப் போன் ஷேர்இட்டிலும் ஜெண்டரிலும்தான் ஏறின. அந்த 59-இல் இவை இரண்டும் உண்டு. டிக்டாக் நட்சத்திரங்கள் அழுத அழுகை எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. ஷேர்இட் போனதால் விசைப்படகில் என்ன மாறியது என்று ஒரு பத்திச் செய்தி வந்ததா என்று எனக்கு நினைவில்லை.

சரி, பட்டியல் வந்துவிட்டதா? ஒவ்வொரு ஆப்புக்கும் எதிரே மூன்று கேள்வி போடுங்கள். நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது? பணம் யாருடையது? நம் விவரத்தை எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறது?

இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் குழம்பும், குழம்பத்தான் வேண்டும். ஹெலோ என்று ஒரு ஆப் இருந்தது. முழுக்கத் தமிழில் இருக்கும், காலை வணக்கப் படமெல்லாம் வரும். நம் ஊரில் பாதிப்பேர் அதை நம்ம ஆப் என்றே நினைத்தார்கள். அது டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸுடையது. பெங்களூரு நிறுவனமான ஷேர்சாட்டுக்கு 2019இல் 10 கோடி டாலர் முதலீடு வந்தது. அந்தச் சுற்றில் முன்னே நின்றது அமெரிக்காவின் ட்விட்டர். சுதேசி ட்விட்டர் என்று 2021இல் கொண்டாடப்பட்ட கூ நிறுவனத்தில் சீனாவின் ஷுன்வெய் கேப்பிட்டல் பங்கு வைத்திருந்தது. விமர்சனம் எழுந்த பிறகுதான் விலகியது. இதெல்லாம் ஒளித்து வைத்த ரகசியம் இல்லை, வணிகப் பக்கத்தில் வந்த செய்திதான். முதல் பக்கத்துக்கு வரவில்லை, அவ்வளவே.

இரண்டாவது: ஆப்பின் பெயரை விரலால் மறைத்துப் படியுங்கள்

ஒரு செய்தியை எடுங்கள். அதில் எங்கெல்லாம் ஆப்பின் பெயர் வருகிறதோ அங்கெல்லாம் 'அந்த ஆப்' என்று மாற்றி எழுதுங்கள். இப்போது படித்தால் குற்றம் யார்மேல் விழுகிறது? வீடியோ போட்ட ஆளின் மேலா, அதை ஆயிரம் பேருக்குத் தள்ளிவிட்ட நிறுவனத்தின் மேலா?

தமிழ்ச் செய்தியில் ஒரு வழக்கம் உண்டு. சில நேரம் "டிக்டாக்கில் வெளியிட்ட வீடியோவால்" என்று பெயர் வரும். சில நேரம் "சமூக வலைதளங்களில் வைரலாகி வருகிறது" என்று பொத்தாம்பொதுவாகப் போய்விடும். இந்த இரண்டாவது வாக்கியம் எங்கெல்லாம் வருகிறது என்று கவனியுங்கள். எந்த வலைதளம் என்று ஏன் சொல்லவில்லை? செய்தியாளருக்குத் தெரியாதா, கேட்கவில்லையா, ஆசிரியர் மேசை வெட்டியதா? மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. மூன்றிலும் தப்பிப்பது பெயர் வராத நிறுவனம்தான்.

நம் ஊர் உதாரணம் ஒன்றை எடுத்துக் கடைசிவரை போய்ப் பார்ப்போம். "கடல் உள்வாங்கியது, சுனாமி வருது" என்று பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்து வீடியோ அடிக்கடி சுற்றும். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு; காற்றும் நீர்வற்றமும் சேர்ந்தால் நாட்டுப்படகு தரை தட்டி நிற்கும். இங்கே பிறந்தவனுக்கு இது அதிசயமே இல்லை. ஆனால் வீடியோ மதுரைக்கும் சென்னைக்கும் போகும்போது பீதி ஆகிவிடுகிறது. மறுநாள் செய்தி: "வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பரபரப்பு." இங்கே நில்லுங்கள். அந்த வீடியோவை முழுத்திரையில் வைத்து நான்கு மூலையையும் பாருங்கள். டிக்டாக், ஷேர்சாட், மோஜ் மாதிரி ஆப்களில் இருந்து இறக்கிய வீடியோவில் பெரும்பாலும் அந்த ஆப்பின் முத்திரை மங்கலாக ஒட்டியிருக்கும். சிலவற்றில் போட்டவரின் கணக்குப் பெயரும் கூடவே நகரும். சில நேரம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முத்திரை இருக்கும், கீழே இருப்பது பழையது. ஓரத்தை வெட்டியிருந்தால் பாதி எழுத்தாவது மிஞ்சும். தொடக்கம் ஒரு இந்திய ஆப்பில், பரவல் ஒரு அமெரிக்க ஆப்பில் என்று முத்திரை சொல்லும்போது, செய்தி இரண்டாவதன் பெயரை மட்டும் சொன்னால், அதை நோட்டில் ஏற்றுங்கள். முத்திரை இல்லாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். (எச்சரிக்கை உண்மையா என்ற கேள்விக்கு விடை, சுனாமி எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அறிவிப்பில் கிடைக்கும். அது தனி வேலை, இதோடு கலக்க வேண்டாம்.)

மூன்றாவது: ஜோடி போட்டுப் பாருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு. ஓரவஞ்சனை இருக்கிறது என்று சும்மா சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே வகைக் குற்றம், ஒரே தண்டனை அதிகாரி, கிட்டத்தட்ட ஒரே காலம். ஒன்றில் வெளியார், இன்னொன்றில் உள்ளூர்க்காரர் அல்லது நண்பர். இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் அந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

உலகத்திலேயே சுத்தமான ஜோடி அயர்லாந்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய டெக் நிறுவனங்கள் பலவற்றைத் தகவல் பாதுகாப்பு விஷயத்தில் கண்காணிப்பது அயர்லாந்தின் ஆணையம்தான். 2023 மே மாதம் அது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் போட்டது. காரணம், ஐரோப்பியர்களின் விவரங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2025 மே மாதம் டிக்டாக்குக்கு 53 கோடி யூரோ. காரணம், ஐரோப்பியர்களின் விவரங்கள் சீனாவுக்குப் போனது. குழந்தைகள் விஷயத்திலும் ஒரு ஜோடி உண்டு: 2022 செப்டம்பரில் இன்ஸ்டாகிராமுக்கு 40.5 கோடி, 2023 செப்டம்பரில் டிக்டாக்குக்கு 34.5 கோடி. இரண்டு ஜோடியிலும் பெரிய அபராதம் அமெரிக்க நிறுவனத்துக்குத்தான்.

இப்போது உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்: நம் தகவலைத் திருடும் ஆப் எது? டிக்டாக் என்பார்கள். இந்த 120 கோடியைப் பற்றி எங்காவது படித்ததுண்டா என்று கேட்டால் விழிப்பார்கள். நம் பத்திரிகைகளிலும் அந்தச் செய்தி வரத்தான் செய்தது. ஆனால் மறுநாள் தலையங்கம் வந்ததா, பட்டிமன்றம் நடந்ததா, பள்ளி ஆண்டு விழாவில் யாராவது அறிவுரை சொன்னார்களா? செய்தி வந்ததா என்பதோடு நிறுத்தாமல், வந்த பிறகு எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்றும் எழுதுங்கள். என் கணிப்பில் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவுக்குள் இவ்வளவு சுத்தமான ஜோடி கிடைப்பது கஷ்டம். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது நாடே கொதித்தது; அதன் தொடர்ச்சியாக 2024 நவம்பரில் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் கொள்கை மாற்றத்துக்கு அடுத்த மாதம், 2021 பிப்ரவரியில், கூ ஆப்பில் பயனர்களின் மின்னஞ்சல் போன்ற விவரங்கள் வெளியே தெரிகின்றன என்று ஒரு பிரெஞ்சு பாதுகாப்பு ஆய்வாளர் ட்விட்டரில் காட்டினார். மத்திய அமைச்சர்கள் கூவில் சேர்ந்துகொண்டிருந்த அதே மாதம். அந்த ஆப் 2024 ஜூலையில் மூடப்பட்டது. மூடிய பிறகு பயனர்களின் போன் எண்ணும் பதிவுகளும் என்ன ஆயின? கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் வாட்ஸ்அப்பையும் கூவையும் ஜோடி போட்டால் தராசு கோணும். ஒன்று யானை, ஒன்று பூனை. அளவு வித்தியாசத்தை நோட்டில் எழுதிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

அரட்டையும் அப்படித்தான். 2025 செப்டம்பர், அக்டோபரில் ஜோஹோவின் அரட்டை ஆப்பை எல்லோரும் இறக்கினார்கள். தமிழ்ப் பெயர், தமிழ்நாட்டில் வேர் உள்ள நிறுவனம். பெருமைதான், எனக்கும் இருந்தது. அந்த அலை அடித்த நேரத்தில் அழைப்புகளுக்கு முழு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதாவது அனுப்புபவர், பெறுபவர் இருவரைத் தவிர யாரும் படிக்க முடியாது என்ற பூட்டு செய்திகளுக்கு அப்போது போடப்படவில்லை. அந்த நாட்களின் செய்திகளைத் தேடி எடுங்கள். எத்தனையில் பதிவிறக்க எண்ணிக்கை தலைப்பில் இருக்கிறது, எத்தனையில் பூட்டு விவரம் இருக்கிறது, இருந்தால் எத்தனையாவது பத்தியில்? இதே குறை ஒரு சீன ஆப்பில் இருந்திருந்தால் எத்தனையாவது பத்தியில் வந்திருக்கும்?

நான்காவது: செய்திக்குத் தீனி போட்டது யார்?

அமெரிக்காவில் 2022 மார்ச் மாதம் வாஷிங்டன் போஸ்ட் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. டார்கெட்டட் விக்டரி என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு மெட்டா பணம் கொடுத்து, டிக்டாக்குக்கு எதிரான பிரச்சாரத்தை நடத்தியிருக்கிறது. சிறு ஊர்ப் பத்திரிகைகளுக்கு ஆசிரியருக்குக் கடிதங்கள், கட்டுரைகள் ஏற்பாடு செய்யப்பட்டன. டிக்டாக் சவாலால் பள்ளிகள் நாசம் என்று கிளப்பப்பட்ட கதைகளில் சில, முதலில் ஃபேஸ்புக்கில் தோன்றிய வதந்திகள். அதற்காக டிக்டாக் உத்தமர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 2022 டிசம்பரில், செய்தியாளர்களின் விவரங்களைத் தன் ஊழியர்கள் எடுத்துப் பார்த்ததை பைட்டான்ஸ் ஒப்புக்கொண்டது.

குறிவைக்கப்பட்டது சிறு ஊர்ப் பத்திரிகைகள் என்பதைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் ஒரு பகுதிநேரச் செய்தியாளருக்குச் செய்திக்கு இவ்வளவு என்று காசு. படகு சிறைபிடிப்பு, ஏலக்கூடப் பிரச்சினை, கோயில் விழா என்று ஓடுகிறவருக்கு, ஆப் நிறுவனத்தின் விதிமுறையைப் படிக்க நேரம் கிடையாது. தயாராக வரும் அறிக்கைதான் செய்தி ஆகும். ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் தகவல் தந்தவரை அடிக்கோடிடுங்கள்: அமைச்சரா, நிறுவனமா, போட்டி நிறுவனமா, பாதிக்கப்பட்டவரா, ஆவணமா? வெளிநாட்டு ஆப்களைப் பற்றிய செய்திகளில் ஆவணமும் சாட்சியும் அதிகம் இருக்கும். காரணம் எளிது: அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை, ஐரோப்பிய ஆணைகள், 2021இல் ஃபேஸ்புக்கில் இருந்து ஆவணங்களோடு வெளியே வந்த ஃபிரான்சஸ் ஹாகன் போன்றவர்கள். அதை மொழிபெயர்த்தால் செய்தி தயார். இந்திய ஆப்களுக்கு அப்படி ஒரு ஊற்று இல்லை. எனவே உள்ளூர் ஆப் பற்றிச் செய்தி வரவில்லை என்பதால் அங்கே தவறு நடக்கவில்லை என்று ஆகாது.

ஐந்தாவது: பத்திரிகையின் பையையும் பாருங்கள்

கொஞ்சம் கூச்சமான வேலை, ஆனாலும் செய்ய வேண்டும். 2020 ஏப்ரலில் மெட்டா, அன்றைய பெயரில் ஃபேஸ்புக், ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 43,574 கோடி ரூபாய் போட்டு 9.99 சதவீதப் பங்கு வாங்கியது. கூகுளும் அதே வருடம் 33,737 கோடி போட்டது. ஜியோ ரிலையன்ஸ் குழுமத்துடையது. நியூஸ்18 தமிழ்நாடு சேனலும் அதே குழுமத்தின் பிடியில்தான். ஜோஷ் ஆப்பை நடத்தும் வெர்ஸ் நிறுவனம்தான் டெய்லிஹண்ட்டையும் நடத்துகிறது. பல பத்திரிகைகளின் செய்தி வாசகரிடம் போய்ச் சேருவது டெய்லிஹண்ட் வழியாக. இதை வைத்து அங்கே வரும் செய்தியெல்லாம் பொய் என்று கிளம்பிவிடாதீர்கள். உறவு இருக்கிறது என்று நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த உறவைச் செய்தியிலேயே ஒரு வரி சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அதையும் நேர்மையாகப் பதியுங்கள்.

ஆறாவது: பத்திரிகை கேட்காததை நீங்கள் கேளுங்கள்

2021 பிப்ரவரி 25 அன்று வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள எந்தச் சமூக ஊடக நிறுவனமும், உள்நாடோ வெளிநாடோ, புகார் எத்தனை வந்தது, என்ன செய்தோம் என்று மாதாமாதம் அறிக்கை வெளியிட வேண்டும். இந்தியாவில் குடியிருக்கும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான், ஆகவே இங்கே ஒப்பிடுவது சுலபம். உங்கள் பட்டியலில் இருந்து ஒரு வெளிநாட்டு ஆப், ஒரு இந்திய ஆப் எடுங்கள். இரண்டின் அறிக்கையையும் தேடுங்கள். கடைசி அறிக்கை எந்த மாதத்துடையது? புகார் எண்ணிக்கை மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா? தமிழில் வந்த புகாருக்கு என்ன நடந்தது என்று தெரிகிறதா?

மொழி விஷயத்தை மட்டும் விடாதீர்கள். நமக்கு எதிரே இருக்கும் கரையைப் பாருங்கள்: 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது இலங்கை அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. சிங்கள மொழி தெரிந்த ஆள் போதாமல் வெறுப்புப் பதிவுகள் நீக்கப்படாமல் அப்படியே கிடந்தன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2020இல் ஃபேஸ்புக் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. வெளிநாட்டு ஆப்பிடம் "உனக்குத் தமிழ் தெரியுமா" என்று கேட்பது நியாயம். இந்திய ஆப்பிடம் "உனக்குத் தமிழ் தெரியும், பிறகும் ஏன் எடுக்கவில்லை" என்று கேட்பது அதைவிட நியாயம்.

பிறகு ஒரு நிஜப் புகார் கொடுங்கள். பொய்ப் புகார் வேண்டாம். மருத்துவ மோசடி, வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றும் விளம்பரம் எல்லா ஆப்பிலும் கிடக்கிறது. வளைகுடா வேலை விளம்பரம் நம் பக்கம் தாராளம். ஒரே மாதிரிப் பதிவை இரண்டு ஆப்பிலும் தமிழிலேயே புகார் செய்து, ஒப்புகை வந்த நேரம், பதில் வந்த நாள், பதிலின் மொழி மூன்றையும் திரைப்பிடிப்போடு வையுங்கள். விதிகள் வந்தபோது 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் தீர்வு என்று இருந்தது. விதி திருத்தப்படும்போது கெடுவும் மாறும். நீங்கள் புகார் செய்யும் நாளில் அமலில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம். பணம் போயிருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், முதலில் 1930க்குப் போன் போடுங்கள்.

தனியுரிமைக் கொள்கை தமிழில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்து, படிப்படியாக அமலாகின்றன. தமிழில் ஆடல் பாடல் எல்லாம் காட்டும் ஆப், ஒப்பந்தத்தை மட்டும் ஆங்கிலத்தில் நீட்டினால் அது நல்ல செய்திக் கரு.

ஏழாவது: அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்

எல்லா ஏற்றத்தாழ்வும் ஓரவஞ்சனை இல்லை. வாட்ஸ்அப் நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லோர் கையிலும் இருக்கிறது. அதன்மேல் அதிகக் கண் இருப்பது சரிதான். சீன நிறுவனங்களைப் பொறுத்தவரை, உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இருக்கிறது. அந்தக் கவலை கற்பனை இல்லை. அதே சமயம், அரசு கேட்டால் விவரம் தரவோ பதிவை எடுக்கவோ இந்திய ஆப்பும் சட்டப்படி கட்டுப்பட்டதே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும் முடக்க உத்தரவுகள் ரகசியமாக வைக்கப்படுகின்றன. இதை வெளிநாட்டு நிறுவனம் சில முறை நீதிமன்றத்தில் எதிர்த்திருக்கிறது, அப்போது செய்தி வருகிறது. உள்நாட்டு நிறுவனம் பேசாமல் எடுத்துவிட்டால் செய்தியே இல்லை. ஆகவே உங்கள் கணக்கில் 'வெளிநாடு 40, உள்நாடு 5' என்று வந்தால், அந்த 40இல் எவ்வளவு நியாயமானது என்று பிரித்த பிறகுதான் மிச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசி வேலை: எழுதி அனுப்புங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஊரில் ஆள் இருப்பார்கள், வலை பின்னும் இடத்தில் பேச்சு ஓடும். நாலைந்து பேர் சேர்ந்து இதைச் செய்ய அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒருவர் தினசரி, ஒருவர் தொலைக்காட்சி, ஒருவர் யூடியூப் செய்திச் சேனல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அறிக்கை தேடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

முடிவை முதலில் ஆசிரியருக்கு அனுப்புங்கள். "நீங்கள் பாரபட்சம் காட்டுகிறீர்கள்" என்று ஆரம்பித்தால் குப்பைக்குப் போகும். "இந்தத் தேதியில் இந்த ஆப்பின் குறையை முதல் பக்கத்தில் போட்டீர்கள், இதே குறை இந்த ஆப்பிலும் இருப்பதற்கு இதோ திரைப்பிடிப்பு, எப்போது போடுவீர்கள்" என்று எழுதுங்கள். செய்தியில் தகவலே தப்பு என்றால், ஆசிரியருக்கு எழுதிப் பதில் வராதபோது பத்திரிகை என்றால் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழாக இருந்தால் வெளிவந்து இரண்டு மாதத்துக்குள். செய்தி போடவே இல்லை என்றால் அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அது, உங்கள் ஊர்ச் செய்தியாளரை டீக்கடையில் பிடித்து, நோட்டையும் திரைப்பிடிப்பையும் அவர் கையில் கொடுப்பதுதான். நேரம் இல்லாத மனிதருக்கு ஆவணத்தோடு செய்தி கிடைத்தால், பெரும்பாலும் எழுதிவிடுவார்.